ராஜபார்ட்டின் விசிறி

பங்குனி 20, செவ்வாய்

காலையிலேயே கூரை ஓடு சுட ஆரம்பித்துவிட்டது. நூல் இன்றும் வரவில்லை. தறி இரண்டும் சும்மா. தறிக்குப் பாவு நூலை நீட்டிக் கட்ட இடம் கிடைக்காமல் சண்டை போட்ட தெரு. இப்போது நடுவில் நாய் படுத்திருக்கிறது. யுத்தம் எங்கோ சீமையில். நூல் இல்லாமல் போனது எங்கள் கு.பாளையத்தில்.

இந்த டைரி பவானி நூல்கடைக்காரர் கொடுத்தது, போன வருஷத்துடையது. இங்கிலீஷ் தேதியை அடித்துவிட்டுத் தமிழ்த் தேதி போட்டுக்கொள்கிறேன். எட்டாவது வரை படித்ததற்கு இதுவாவது.

ஆற்றில் துணி துவைத்தேன். பக்கத்துக் கல்லில் ராமாயி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள்.

"ஏனுங்கக்கா, உங்க ஊட்டுக்காரரு விசிறியாமா?"

மற்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன விசிறி?"

"அந்த நாடகக்காரருக்குத்தானுங்க. எங்க ஊட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க."

நாடகக்காரர் என்றால் ராஜபார்ட் அம்பலவாணர். ராஜா வேஷம் கட்டுகிறவர். இப்போது பேசும்படத்திலும் வருகிறாராம். பேர் முழுக்க எழுத மனசில்லை, இனி அ.வா. போதும். கல்யாணம் ஆன நாளாக இந்த வீட்டில் அந்தப் பேர்தான். ஈரோடு, ராசிபுரம், சேந்தமங்கலம், நாடகக் கம்பெனி எங்கே கொட்டகை போட்டாலும் இவர், என் வீட்டுக்காரர், அங்கே. நான் ஒரு நாடகம்கூடப் பார்த்ததில்லை. கூப்பிட்டார், நான்தான் போகவில்லை. பிடிவாதம்.

சாயங்காலம் கேட்டேன். "ஏனுங்க, அந்த மனுசனுக்கு விசிறியா வீசறீங்க?"

முதலில் முழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தறி நின்றதிலிருந்து இப்படிச் சிரித்துப் பார்க்கவில்லை.

"மேடைக்குக் கிட்டவே எங்களை உடமாட்டாங்க புள்ள. மண்ணுத்தரையில உக்காந்து அண்ணாந்து பாக்கறவன் நானு. விசிறி வீசறதெங்க!"

"அப்பறம் ஏன் அப்படிச் சொல்றாங்க?"

"என்னமோ. பட்டணத்துப் பத்திரிகையில அப்படித்தான் போடறாங்களாமா. கேலிக்கு. சொல்லீட்டுப் போறாங்க."

சிரிப்பு நின்றதும் முகம் சுண்டிப்போயிற்று. ராகிக்களி. பாப்பாவுக்கு இருமல்.

பங்குனி 22, வியாழன்

புழுக்கம். மேகம் வந்தது, போய்விட்டது.

எடப்பாடியில் அ.வா. நாடகமாம். சண்முகம் காலையிலேயே வந்து வாசலில் நின்றார். எதிர்த் தறிக்காரர், இவரைவிட இளையவர், அதே பைத்தியம்.

"தறி நிக்குது. பாப்பா ராத்திரியெல்லாம் இருமறா. போயித்தான் ஆவோணுமா?"

"அங்க உக்காந்தா நூலு ஞாபகம் வாரதில்ல புள்ள."

"எங்க ஞாபகம்?"

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி முறத்தில் கல் பொறுக்கினேன்.

பங்குனி 23, வெள்ளி

சண்முகம் மட்டும் வந்தார். சட்டையெல்லாம் ரத்தம்.

"உசுருக்கு ஒண்ணுமில்லீங்கக்கா."

"இந்த ரத்தம் யாருது?"

"அண்ணனுதுங்க."

அவர் சொன்னதிலிருந்து விளங்கியது: அ.வா. மேலே எடுத்துப் பாடும்போது குரல் உடைந்துவிட்டது. இன்னொரு நடிகரின் ஆட்கள் ஒரு மூலையில் இருந்தார்கள். "தொண்டை போச்சு, கீழ எறங்கு" என்று கத்தினார்கள், விசில் அடித்தார்கள். இவர் எழுந்து நின்று வாயை மூடச் சொல்லியிருக்கிறார். பெஞ்சு பறந்தது. சோடாப் புட்டி பறந்தது. பின்மண்டையில் ஒன்று. எடப்பாடி டாக்டர் பார்த்துவிட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். அங்கே சேர்த்துவிட்டு வந்திருக்கிறார் சண்முகம்.

மூட்டை கட்டினேன்: சேலை இரண்டு. செம்பு. இவர் வேட்டி. போர்வை. புளிச்சோறு.

பாப்பாவைக் கொழுந்தனார் வீட்டில் விட்டேன். முந்தானையை விடவில்லை.

"எங்கம்மா போறீங்க?"

"அப்பாவக் கூட்டியாறேன் சாமி."

கரி அடுப்பு வைத்த பஸ். பெட்ரோல் எல்லாம் யுத்தத்துக்கு. சங்ககிரி மேட்டில் வண்டி திணறியது. எல்லோரையும் இறக்கி நடக்கச் சொன்னார்கள். ஓடினேன். பஸ்ஸுக்கு முன்னால் நான் மேடு ஏறி நின்றேன். பஸ் வர வேண்டுமே என்று அப்புறம்தான் உறைத்தது.

பங்குனி 24, சனி. சேலம்

பெரியாஸ்பத்திரி. தலையை மொட்டை வழித்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். முகம் சிறுத்துத் தெரிந்தது. அடையாளம் கண்டுகொண்டார். கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.

"அவருக்கு ஒண்ணும் ஆவலியே?"

சண்முகத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "அந்தா, பின்னாடிதான் நிக்கறாருங்க" என்றேன்.

"இவனில்ல புள்ள. அவரு. மேடைக்குக் கல்லுப் போச்சா?"

கையை விட்டுவிட்டேன். வராந்தாவில் போய் நின்றேன். அழுகை வரவில்லை. அந்த மண்டையில் இன்னொன்று போடலாம் போல இருந்தது. இதை எழுதவும் பயமாக இருக்கிறது.

டாக்டர் சண்முகத்திடம் சொன்னது: உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, கரைந்தால் சரி. கரையாவிட்டால் என்ன என்று சண்முகம் கேட்கவில்லை.

பங்குனி 26, திங்கள்

தூக்கம் அதிகமாகிறது. எழுப்பினால் எழுகிறார், பேசுகிறார், பேச்சு நடுவிலேயே தூங்குகிறார். கஞ்சி இரண்டு மடக்கு.

பக்கத்துக் கட்டிலில் ஒரு வாத்தியார். இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவர். சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிவு. பொழுது போகாமல் எல்லோரிடமும் பேசுகிறார். எப்படி அடிபட்டது என்று நர்சம்மா கேட்க, சண்முகம் சொல்ல, வாத்தியார் தலையைத் தூக்கினார்.

"ஓகோ, பேன் கேஸா?"

"பேனெல்லாம் இல்லீங்க. தலையைத்தான் வழிச்சுட்டாங்களே" என்றேன்.

வாத்தியார் சிரித்து, கால் அசைந்து, வலியில் கத்தினார். எனக்குக் கொஞ்சம் திருப்தி. பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அப்போது நான் கேட்டேன், "விசிறி விசிறிங்கறாங்களே, அது என்னங்க?"

அவர் சொன்னதைப் புரிந்த வரை எழுதுகிறேன். நடிகர்களுக்குப் பின்னால் போகிறவனை இங்கிலீஷ்காரன் 'ஃபேன்' என்பான். மேலே சுற்றுகிற மின்சார விசிறிக்கும் அதே பேர். நம் பத்திரிகைக்காரன் எவனோ வேடிக்கைக்காக அதையே தமிழில் விசிறி என்று எழுதிவிட்டான், பிடித்துக்கொண்டது. ஆனால் அந்தச் சொல்லுக்கும் காற்றுக்கும் சம்பந்தமே இல்லை. அது வால் வெட்டின சொல். முழுச்சொல்லுக்கு வெறி பிடித்தவன் என்று அர்த்தம். அதற்கும் முன்னால், பழைய ரோமாபுரி பாஷையில், கோயிலைச் சேர்ந்தவன். சாமி வந்து ஆடுகிறவன்.

"அப்படியில்லேன்னு சொல்ற கட்சியும் உண்டும்மா. எனக்கு இதுதான் சரின்னு படுது."

"மாரியம்மன் கோயில்ல ஆடறாங்களே, அந்த மாதிரிங்களா?"

"அதேதான்."

"ஆடறவங்களுக்கு அடிபட்டா வலிக்காதுன்னு சொல்லுவாங்க."

வாத்தியார் இவரைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பங்குனி 27, செவ்வாய்

"அவரு ஒருக்கா வந்து பாத்தா எனக்கு எல்லாம் செரியாப் போயிரும்." காலையிலிருந்து இதே பேச்சு. வலது கை தூக்க வரவில்லை. அதைப் பற்றி இவருக்கு வெசனமே இல்லை.

அ.வா. சேலத்தில்தான் இருக்கிறார், படம் பிடிக்க வந்திருக்கிறார், ஏற்காட்டு ரோட்டுப் பக்கம் பங்களா என்று சண்முகம் விசாரித்து வந்தார். இரண்டு பேரும் நடந்தே போனோம். தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. கேட்டில் கூட்டம். காவல்காரர் கம்பை நீட்டினார்.

"விசிறிங்கல்லாம் அந்தாண்ட போய் நில்லுங்க."

"நான் விசிறி இல்லீங்க. விசிறியோட சம்சாரம்."

அவருக்கு என்ன தோன்றிற்றோ, உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்து கதவைத் திறந்தார்.

பிரம்பு நாற்காலியில் ஒருவர். குள்ளம். மூக்குக் கண்ணாடி. முன்மண்டை வழுக்கை. இந்த வெயிலில் கழுத்தில் கம்பளித் துணி. கணக்கப்பிள்ளையோ என்று நினைத்தேன். சண்முகம் தரையில் விழுந்து கும்பிட்டபோதுதான் தெரிந்தது.

வழியெல்லாம் திட்டித் தீர்ப்பதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். நடந்ததை மட்டும் சொன்னேன். கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அவர் பெயர் என்னம்மா?"

புருஷன் பேரை நான் எப்படிச் சொல்ல? சண்முகம் சொன்னார். அ.வா. அந்தப் பேரை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"அன்னிக்கு என் குரல் உடைஞ்சது நிஜம்தானே. அவங்க கத்தினதில் என்ன தப்பு? இதுக்கா இவர் அடிவாங்கணும்?"

நாளைக்கு வருகிறேன் என்றார். நம்பவில்லை.

பங்குனி 28, புதன்

வந்தார்.

கூட்டம் கூடக் கூடாதென்று ஒற்றை ஆளாக, ஜட்கா வண்டியில். கையில் சாத்துக்குடிப் பை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். நான் இவரை எழுப்பினேன்.

"ஏனுங்க, யாரு வந்திருக்கறாங்க பாருங்க."

கண்ணைத் திறந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யாரு? கொமாஸ்தாவா?"

"அவருங்க. அம்பலவாணருங்க. நேத்து நானே போயிக் கூப்பிட்டேன்."

இவருடைய முகத்தில் ஒரு கோபம். என் மேல்தான்.

"எனக்குத் தெரியாதா புள்ள? அவரு இந்த ஒசரம் இருப்பாரு. நெஞ்சு இப்படி. இது யாரையோ கூட்டியாந்து காட்டறே."

அ.வா. கண்ணாடியைக் கழற்றினார். நிமிர்ந்து நின்றார். "நான்தான் ஐயா. எடப்பாடியில் எனக்காக எழுந்து நின்றீர்களே" என்றார். மேடைப் பேச்சு மாதிரி வந்தது. இவர் தலையை ஆட்டினார். இல்லை, இல்லை.

அப்புறம் அ.வா. பாடினார். கழுத்துத் துணியை அவிழ்த்துவிட்டு, மெதுவாக. வார்டு முழுக்கப் பேச்சு நின்றது. நர்சம்மா கையில் தட்டோடு நின்றாள். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சண்முகம் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். பாட்டு மேலே ஏறும் இடத்தில் குரல் கரகரத்து நின்றுவிட்டது. முடிக்கவில்லை.

இவர் என்னைப் பக்கத்தில் குனியச் சொன்னார். குனிந்தேன். ரகசியமாகச் சொல்கிறார்:

"பாவம். நல்லாத்தான் பழகியிருக்கறான். ஆனா அவரில்ல. குடிக்கத் தண்ணி குடுத்து அனுப்பு, வெயிலுல வந்திருக்கறான்."

எல்லோருக்கும் கேட்டது. தண்ணீர் கொடுத்தேன். அ.வா. நின்றபடியே முழுச் செம்பும் குடித்தார். வாசல் வரை கூடப் போனேன்.

"அவர் சொல்றது சரிதான்மா" என்றார். வண்டியில் ஏறும்போது படி தவறிற்று.

பங்குனி 29, வியாழன்

இடது கால் மட்டும்தான் அசைகிறது. பேச்சு குழறுகிறது. டாக்டர் வந்து கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். என்னிடம் "ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ளாத முட்டாள் இல்லை நான்.

இவர் மத்தியானம் தெளிவாக இருந்தார்.

"அவரு வரமாட்டாரு. எத்தனை வேலை இருக்கும். நீ போயிப் பாத்துட்டு வந்து சொல்லு."

"எங்கீங்க போறது?"

"இங்க கொட்டாயில அவரு படம் ஓடுதாமா. சம்முவம் சொன்னான். நீ ஒருக்காக்கூடப் பாத்ததில்ல. எனக்காவப் போ."

இந்த நிலைமையில் சினிமாவா! மாட்டேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கஞ்சி வேண்டாம் என்றார். தண்ணீரும் வேண்டாம் என்றார்.

பங்குனி 30, வெள்ளி

போனேன். பகல் ஆட்டம். சண்முகத்தைக் கட்டில் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, நர்சம்மாவும் "போயிட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொன்ன பிறகு.

பெண்கள் பக்கம் தரையில் உட்கார்ந்தேன். யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று முக்காடு. பாதியில் எழுந்து வந்துவிடலாம், பார்த்ததாகச் சொல்லிவிடலாம் என்றுதான் எண்ணம்.

விளக்கை அணைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார்.

பங்களாவில் பார்த்த மனிதர் இல்லை. சுவர் உயரத்துக்கு முகம். நாட்டை இழந்த ராஜா, காணாமல் போன மகளைத் தேடிக் காட்டில் போகிறார். பார்க்கிற பறவை, மரம் எல்லாவற்றிடமும் கேட்கிறார். அவர் குனிந்து கேட்டபோது என்னிடம் கேட்கிற மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்தவள் தேம்பினாள், நானும் தேம்பினேன். மகள் கிடைக்க வேண்டும், கிடைத்துவிட வேண்டும் என்று அது ஒன்றுதான் மனசில்.

விளக்குப் போட்டபோது எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரி. இவர். அவ்வளவு நேரமும் இவர் நினைப்பு ஒரு தரம்கூட வரவில்லை. பாப்பா நினைப்பும் இல்லை. தெருவில் ஓடினேன். செருப்பை அங்கேயே விட்டுவிட்டேன்.

விழித்திருந்தார். எனக்காகக் காத்திருந்திருக்கிறார்.

"பாத்தியா?"

"பாத்தனுங்க."

"எப்படி?"

"நீங்க சொன்னது செரிதானுங்க. அன்னிக்கு வந்தவரு அவரில்ல."

"நாந்தான் சொன்னனே." ஒரு பெருமை. "அழுதியா?"

"அழுதனுங்க."

"எந்த எடத்துல?"

ராஜா மரத்திடம் கேட்கிற இடத்தைச் சொன்னேன். அந்த இடந்தான், அந்த இடந்தான் என்று இரண்டு தரம் சொன்னார். நான் படத்தை முதலிலிருந்து சொன்னேன். விட்டுப்போனதை, முன்பே அந்தப் படத்தைப் பார்த்திருந்த இவர், குழறலாக எடுத்துக் கொடுத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே விஷயத்தை இப்படி ஆசையாகப் பேசியதில்லை. இன்னும் முன்னாலேயே ஒரு நாள் இவரோடு போயிருக்கலாம். கூப்பிட்டாரே.

மறந்து உட்கார்ந்திருந்ததை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

சித்திரை 4, செவ்வாய்

சனிக்கிழமை. வருஷப் பிறப்பன்று. கண் திறக்கவே இல்லை.

ஊருக்குக் கொண்டுவந்து, இங்கே காவிரிக் கரையில். கொழுந்தனார் எல்லாம் பார்த்துக்கொண்டார். பாப்பா கேட்கிறாள், கூட்டி வருகிறேன் என்று சொன்னீர்களே என்று.

சித்திரை 11, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. கொஞ்சம் நூல் வந்திருக்கிறதாம். கொழுந்தனார் வாங்கப் போயிருக்கிறார். தறியில் யார் உட்காருவது?

ராமாயி வந்தாள். காலடியில் உட்கார்ந்து அழுதாள். "வெளையாட்டுக்குக் கேட்டனுங்கக்கா, அந்த வார்த்தைக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கும்னு தெரியாதுங்க." அப்படி எந்த அர்த்தமும் இல்லை என்று சொன்னேன். தேறவில்லை அவள்.

அ.வா. சண்முகத்துக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார்: நாடகத்தில் இனிப் பாடுவதில்லை, படத்தோடு சரி.

சித்திரை 19, புதன்

இடி மட்டும். மழை இல்லை.

சண்முகமும் எடப்பாடிக்காரர்கள் நாலைந்து பேரும். அன்றைக்குக் கத்தினவர்களில் ஒருவரும் கூட வந்திருந்தார், வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. விசிறிகள் சங்கம் என்று ஒன்று வைக்கப் போகிறார்களாம். கேலிப் பேரையே போர்டில் எழுதிவிடுவது என்று முடிவு. அங்கே மாட்ட இவருடைய படம் வேண்டுமாம்.

"படம் புடிச்சுக்கிட்டதே இல்லீங்க சம்முவம். கல்யாணத்துக்குக்கூட இல்ல."

"அது பரவால்லீங்கக்கா. பவானியில வரையறவரு இருக்கறாரு. நீங்க அடையாளஞ் சொன்னீங்கன்னா அப்படியே எழுதிக் குடுத்துருவாரு. நெத்தி எப்படி, மூக்கு எப்படின்னு."

சொல்கிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

நெற்றி அகலம். புருவம் வளைந்து, நடுவில் சேராமல். பெரிய கண், அதில் எப்போதும் ஒரு ஈரம். மூக்கு எடுப்பு. சண்முகம் காகிதத்தில் குறித்துக்கொண்டே வந்தவர் பென்சிலை நிறுத்திவிட்டார்.

"அக்கா, நீங்க சொல்றது அண்ணன் இல்லீங்களே. இது அவருங்க."

மறுபடி மூடிப் பார்த்தேன். சுவர் உயரத்துக்கு அந்த முகம்தான் வருகிறது.